ஒரே க, இரண்டு எழுத்து: மொரீஷியஸில் ஒரு சிம் மறுபதிவு

2024-இல் மொரீஷியஸின் மேட்டு நிலத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் பெயரையும் ஊரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒரு பெயர் வைத்துப் பேசினால்தான் விஷயம் புரியும் என்பதால் கந்தசாமி என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் அது இல்லை, ஆனால் அதுவும் க-வில் தொடங்குகிறது, அந்த ஒரு க-தான் இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம். என்னைப் பற்றி: வார நாளில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிறு காலையில் கோவில் மண்டபத்தில் ஒரு வகுப்பு. வகுப்பு முடிந்ததும் ஏதாவது படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேராவது நிற்பார்கள். அப்படி வந்ததுதான் இதுவும்.

பின்னணி

2023 அக்டோபர் கடைசியில் சிம் பதிவு பற்றிய புதிய விதிமுறை இங்கே நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே சிம் வைத்திருப்பவர்களும் 2024 ஏப்ரல் 30-க்குள் மறுபடி பதிவு செய்ய வேண்டும், நேரில் போக வேண்டும், அடையாள அட்டையும் வசிப்பிட அத்தாட்சியும் காட்ட வேண்டும், அங்கேயே படம் எடுப்பார்கள். போதைப்பொருள் கடத்தலை விசாரித்த குழு 2018-இல் கொடுத்த அறிக்கையைத்தான் அரசு காரணமாகச் சொன்னது. யாரோ ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மை வைத்து வியாபாரம் நடக்கிறது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் படம் என்றதும் ஊரில் பல பேருக்கு வயிற்றைக் கலக்கியது. 2013-இல் புது அடையாள அட்டைக்கு எல்லாருடைய கைரேகையையும் எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ரேகை எடுப்பது சரி, அதை ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வைப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. 2016-இல், எங்கள் நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் அரசின் பக்கம் நின்றது. 2021-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அட்டையில் ரேகையை வைப்பதற்குப் போதிய பாதுகாப்பு இல்லை, இது அந்தரங்க உரிமை மீறல் என்றது. மூன்று இடத்தில் மூன்று மாதிரி சொன்னார்கள், சாதாரண ஆளுக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: எடுத்தது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் பழைய ஞாபகம். 1867 தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து ஒப்பந்தம் முடிந்த கூலிகள் கூடப் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா திரிகிறான் என்று போலீஸ் பிடிக்கும். அந்தப் படங்கள் இன்றைக்கும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கந்தசாமி ஐயா தன் பாட்டனாருடைய தாத்தாவின் பதிவுக்கு அங்கே போய் நகல் வாங்கி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வெறித்த கண், மூடிய வாய். பக்கத்தில் எழுத்தர் எழுதிய பெயர்.

அந்தப் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. நம் எழுத்தில் ஒரே க. பிரெஞ்சுப் பழக்கம் உள்ள எழுத்தர்கள் காதில் விழுந்ததை ‘சி’ (C) போட்டு எழுதினார்கள், அவர்களுக்கு அதுதான் இயல்பு. அதனால் இங்கே கனகசபை, கந்தசாமி எல்லாம் தலைமுறை தலைமுறையாக ‘சி’-யில் தொடங்கும் குடும்பப் பெயர்கள். பின்னால் இந்தியாவிலிருந்து வந்த புத்தகங்களைப் பார்த்து, ‘கே’ (K) போட்டால்தான் சரியான தமிழ் என்று சிலர் மாறினார்கள். மாறச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ‘சி’-யிலேயே கிடக்க, கோவில் ரசீது, மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு என்று கையால் எழுதிக் கொடுக்கிற இடங்களில் எல்லாம் ‘கே’ ஏறியது. ஐயா வீட்டிலும் அப்படித்தான். ஆலையில் அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதியவர் ஒரு தமிழர், அவரும் ‘கே’.

1998-இல் இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழின் வரிசை இந்திக்குக் கீழே போனதற்கு எவ்வளவு சத்தம் போட்டோம், நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். சொந்தப் பெயர் ஆளுக்கொரு காகிதத்தில் ஒவ்வொரு மாதிரி கிடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நடந்தது: பிப்ரவரி முதல் மே வரை

ஐயாவுக்கு 74 வயது. மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் பக்கத்துத் தீவான ரெயூனியனில். காவடி விரதம் முடியட்டும் என்று காத்திருந்து பிப்ரவரி 13 அன்று நிறுவனத்தின் கடைக்குப் போனார். இரண்டரை மணி நேரம் வரிசை. அட்டையையும் மின் கட்டண ரசீதையும் கொடுத்தார், படம் எடுத்தார்கள், கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், இவர் வழக்கம்போலத் தமிழில் போட்டார். பதிவு எண் அச்சடித்த சின்னச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முடியவில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மூன்று குறுஞ்செய்தி வந்திருந்தது: பதிவு முழுமையாகவில்லை, கடைக்கு வரவும். மூன்றும் ஆங்கிலத்தில். ஐயா பேசுவது கிரியோல், படிப்பது பிரெஞ்சு, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதே நிறுவனத்திடமிருந்து வாரத்துக்கு நாலு விளம்பரம் அதே பெயரில் அதே இடத்தில் வந்து விழுகிறது, அவற்றோடு இதுவும் கிடந்தது. பிறகு நான் அந்தப் போனை வாங்கி மேலே தள்ளித் தள்ளித் தேடியபோது எனக்கே கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மே 16 வியாழக்கிழமை வெளியே அழைப்பு போகவில்லை. பைசா தீர்ந்திருக்கும் என்று முனைக் கடையில் ரீசார்ஜ் கார்டு வாங்கினார். ஏறவில்லை. இன்னொன்று வாங்கினார். அதுவும் போயிற்று.

கவனித்தது

ஞாயிற்றுக்கிழமை, மே 19, போனோடு என்னிடம் வந்தார். “தம்பி, இது செத்துப்போச்சா, உயிரோட இருக்கா, எனக்கே தெரியல” என்றார். அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தது. சிம் செத்தாலும், ஏற்கெனவே உள்ளே நுழைந்த வாட்ஸ்அப் இணையம் கிடைக்கிற வரை ஓடும், திரும்ப எண்ணைச் சரிபார்க்கக் கேட்டால்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் வாட்ஸ்அப்பில் பேசுகிற மகளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் உதவுகிறேன் என்று வாட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போட இருந்தான், நல்ல வேளை தடுத்தேன். போட்டிருந்தால் செத்த எண்ணுக்குக் குறியீடு போயிருக்கும், மகளோடு இருந்த ஒரே வழியும் அடைந்திருக்கும். இந்த விவகாரத்தில் முதல் நாளே நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான்.

உண்மையான இடி வங்கியில் இருந்தது. அந்த மாதம்தான் அவருடைய பழைய ஏடிஎம் அட்டை காலாவதியாகி புது அட்டை வந்திருந்தது. அதைத் தொடங்குவதற்கான ஓடிபி இந்த எண்ணுக்குத்தான் வரும். ஓய்வூதியம் கணக்கில் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. கவுன்ட்டருக்குப் போனால் கணக்கில் ‘கே’, அட்டையில் ‘சி’. காசாளருக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும் என்பதால் கொடுத்தார். புது ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டைப் பார்த்தேன். அதில் குடும்பப் பெயர் ‘கே’-யில் இருந்தது. அடையாள அட்டையில் ‘சி’. பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காரணம் என்னவோ சரி, அதை வைத்து நான் செய்ததுதான் தப்பு.

முதல் முடிவு, அது ஏன் தவறு

இரண்டு எழுத்திலும் இருப்பது ஒரே ஆள் என்று ஒரு அஃபிடவிட் எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அரசாங்க விஷயம், பெயர் ஒத்துப்போகவில்லை, அப்படியானால் சத்தியப் பத்திரம், இதுதான் நாங்கள் எல்லாம் பழகிய வழி. பிறப்புச் சான்றிதழ் நகல், வக்கீல், நீதிமன்ற அலுவலகம் என்று மே 29 வரை போனது. செலவு அவருடையது. நான் பாதியைக் கொடுக்கிறேன் என்றதற்கு முறைத்துப் பார்த்தார்.

மே 30 அன்று பத்திரத்தோடு கடைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். இதைப் போடுவதற்குத் திரையில் இடமே இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது, மேலே அனுப்புகிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்குப் போனால் வேறு ஒருவர், அவரும் நாளைக்கு வரச் சொன்னார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா “கி பூ ஃபேர்” என்றார். என்ன செய்ய, விதி என்று தோளைக் குலுக்குகிற கிரியோல் வார்த்தை, இந்த நாட்டில் பாதி அலுவலகங்கள் ஓடுவதே அந்த வார்த்தையை நம்பித்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. ஐயாவின் சட்டப்பூர்வப் பெயரில் எந்தத் தப்பும் இல்லை. பிறப்புச் சான்றிதழும் அட்டையும் ஒன்றுதான். தப்பாகத் தட்டச்சு செய்தது நிறுவனம். நிரூபிக்க வேண்டியவர் அவர் இல்லை, திருத்த வேண்டியவர்கள் அவர்கள். நானோ அவரைக் குற்றவாளி மாதிரி நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன். பத்து நாள் வீண்.

இரண்டாவது முடிவு

கவுன்ட்டருக்குப் போவதை நிறுத்தினோம். எழுத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தோம், ஏனென்றால் கவுன்ட்டரில் பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை, ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். முதலில் நான் எழுதியது மூன்று பக்கம், அதில் 1867 கூட இருந்தது. ஐயா கேட்டுவிட்டு “இதை யாரு படிப்பா” என்றார்.

கடைசியில் போனது இரண்டே கேள்வி. ஒன்று, பிப்ரவரி 13 தேதியிட்ட இந்தப் பதிவு எண்ணின் நிலை என்ன, அட்டையில் உள்ளபடி பெயரைத் திருத்தி முடித்துத் தர எத்தனை நாள் ஆகும். இரண்டு, அன்று எடுத்த படமும் அட்டையின் நகலும் இப்போது எங்கே இருக்கின்றன, யார் பார்க்கலாம். இரண்டாவது கேள்வி ஐயாவுடையது. பதிவே ஆகவில்லை என்கிறார்கள், அப்போது என் படத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவர் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் லைன் வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். தன்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று எழுத்து மூலம் கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே ஒவ்வொருவருக்கும் உரிமை கொடுக்கிறது. நிறுவனங்களிடம் இப்படிக் கேட்கலாம், அரசு அலுவலகக் கோப்புகளைப் பொதுவாகக் கேட்டு வாங்குகிற தகவல் அறியும் சட்டம் மட்டும் நம்மிடம் கிடையாது.

ஆங்கிலத்தில் எழுதினேன், ஐயா தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சமயத்தில்தான் கவனித்தேன்: வங்கி, ஆலை, அட்டை, சிம், எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து மட்டும் ஒரே மாதிரி. தொடர்புக்குப் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்தோம் (செத்த எண்ணையே எழுதிவிட இருந்தேன்). ஜூன் 3 திங்கட்கிழமை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு பிரதி. முத்திரை போட முதலில் மறுத்தார்கள். ஐயா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரத்தில் போட்டார்கள்.

பின்னர் நடந்தது

ஜூன் 11 அன்று பக்கத்து வீட்டுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் போன் செய்தார். மறுநாள் போனோம். பத்தே நிமிடம். அவர் சொன்ன விளக்கம் இது: பிப்ரவரியில் உட்கார்ந்திருந்தவர் பெயரை மின் ரசீதைப் பார்த்து ‘கே’-யில் அடித்துவிட்டார், எண்ணை அட்டையைப் பார்த்து அடித்தார். நம் அடையாள எண்ணின் முதல் எழுத்தே குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அதன் பின்னால்தான் பிறந்த தேதி. பெயர் ‘கே’, எண் ‘சி’ என்றதும் கணினி அதை நிலுவையில் தள்ளிவிட்டது. தள்ளியதைக் கவுன்ட்டரில் இருந்தவருக்குச் சொல்லாது, ஐயாவுக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும்.

அன்று சாயங்காலமே லைன் வந்தது. மொத்தம் 27 நாள். எண் இன்னும் வேறு யாருக்கும் போகாமல் இருந்தது அதிர்ஷ்டம், நிறுவனங்கள் விட்டுப்போன எண்ணைத் திரும்ப விற்பது வழக்கம், போயிருந்தால் வங்கிக் குறியீடு இன்னொருவர் கையில் விழுந்திருக்கும். வீணான இரண்டு ரீசார்ஜ் கார்டுக்குப் பணம் கேட்டோம், கொடுக்கவில்லை. புதிதாக ஒரு படமும் எடுத்தார்கள். பழைய படம் என்ன ஆச்சு என்று ஐயா கேட்டதற்கு “உள்ளே இருக்கும்” என்றார் மேற்பார்வையாளர், சாதாரணமாகத்தான் சொன்னார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. ஜூலை 8 அன்று நினைவூட்டுக் கடிதம் கொடுத்தோம், தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடுவோம் என்று ஒரு வரி சேர்த்து. ஜூலை கடைசி வாரத்தில் பதில் வந்தது. முழுமையாகாத விண்ணப்பத்தின் விவரங்கள் நீக்கப்பட்டன என்று ஒரே வாக்கியம். எப்போது நீக்கினார்கள், யார் நீக்கினார்கள், நகல் எங்காவது இருக்கிறதா, எதுவும் இல்லை. கடிதத்தின் மேலே பெயர் ‘கே’-யில் இருந்தது.

முறையீடு செய்யலாம் என்று நான் சொன்னேன், வேண்டாம் என்றார். லைன் வந்துவிட்டது, மகள் கவலைப்படுகிறாள், இன்னும் எத்தனை கடிதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இப்போதும் இல்லை, ஆனால் படம் அவருடையது.

அக்டோபரில், ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள் என்று சொல்லி இணையத்தில் ஒலிப்பதிவுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. அவை செயற்கை நுண்ணறிவால் திரித்தவை என்று அரசுத் தரப்பு சொன்னது. நவம்பர் 1 அன்று, தேர்தலுக்குப் பத்து நாள் கூட இல்லாதபோது, சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே விலக்கினார்கள். அந்த ஞாயிறு ஐயா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார்.

மாற வேண்டியதும் மாறியதும்

என் தரப்பில் முதலில். காரணம் கிடைத்த உடனே தீர்வும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன், தப்பு யாருடைய காகிதத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கவில்லை. இப்போது யார் வந்தாலும் பிறப்புச் சான்றிதழையும் அட்டையையும்தான் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவை ஒத்துப்போனால் நீதிமன்றப் பக்கமே போக வேண்டாம், எழுத்தில் திருத்தம் கேட்டால் போதும். அவை இரண்டுமே வேறு வேறாக இருந்தால்தான் அது குடிமைப் பதிவு அலுவலகத்தில் தீர்க்க வேண்டிய பெரிய வேலை.

நிறுவனம் செய்திருக்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. தட்டச்சு செய்யும்போதே முதல் எழுத்து பொருந்தவில்லை என்று கவுன்ட்டரில் காட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எச்சரிக்கையைக் கிரியோலிலோ பிரெஞ்சிலோ அனுப்பியிருக்கலாம், விளம்பரங்களில் பல கிரியோலில்தானே வருகின்றன. நினைவூட்டுக் கடிதத்தில் இதையும் எழுதினோம். பதில் இல்லை.

கோவில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டு, எல்லாரையும் அட்டை, வங்கிப் புத்தகம், மின் ரசீது கொண்டுவரச் சொன்னேன். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் வேறு வேறு எழுத்தில். இன்னொரு வீட்டில் கணவருக்கு ஒரே பெயர் நான்கு காகிதத்தில் நான்கு விதம். வங்கியிலும் மின் கட்டணத்திலும் அட்டையில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ‘கே’ போடுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த அதே வாயால்.

ஐயா வங்கியில் மாற்றிவிட்டார். மின் கட்டணத்தில் மாற்ற மாட்டேன் என்கிறார், அந்த வீட்டுக்கு மின்சாரம் வாங்கியது அவர் மனைவி, படிவத்தில் ‘கே’ எழுதியதும் அவர்தானாம். முத்திரை போட்ட கடிதமும் பதிவுச் சீட்டும் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்ததும் போனை என்னிடம் நீட்டுகிறார், ஆங்கிலத்தில் வந்ததை எல்லாம் வாசித்துச் சொல்ல வேண்டும். போன வாரம் ஏழு இருந்தது. ஏழும் தள்ளுபடி விளம்பரம்.